பின்பற்கள்

நவம்பர் கடைசி. சாட்ஸ்வொர்த்தில் மழை
வருவேன் என்று மிரட்டிவிட்டுக்
கடல்பக்கம் போய்விட்டது.
மின்சாரம் எட்டு மணிக்குத்தான் திரும்பும்.
கைவிளக்கைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து
மூன்று தாள்களைப் பரப்பினேன்:
நீலம். வெள்ளி. வெள்ளி ப்ளஸ்.

எங்கள் மூவர் வாயும்
இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்க வேண்டுமாம்.
ஆளுக்கொன்று எடுக்க முடியாது.
ஒரே குடும்பம், ஒரே திட்டம் என்று
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது,
கல்யாணப் பத்திரிகை மாதிரி.

பத்தொன்பது வருடம் கல்லாவில் நின்றவள் நான்.
தக்காளிப் பையைத் தூக்கிப் பார்த்தே விலை சொல்வேன்.
இந்தத் தாள் எடைக்கு நிற்கவில்லை.

நீலத்தில் பல்லைப் பிடுங்க முழுப்பணம்.
காப்பாற்றக் காசில்லை.
எத்தனை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம்,
முப்பத்திரண்டுக்கும் அனுமதி உண்டு.
வெள்ளியில் வருடத்துக்கு நான்கு அடைப்பு.
வேர் சிகிச்சை முன்பற்களுக்கு மட்டும்.
அந்த வரியை விளக்குக்கு அருகில் பிடித்து
மறுபடியும் படித்தேன்.
சிரிக்கிற பல்லுக்குக் காப்பு.
மெல்லுகிற பல்லுக்கு இல்லை.

வெள்ளி ப்ளஸ்ஸில் எல்லாம் இருக்கிறது,
கிரீடம்கூட.
மாதம் அறுநூற்று நாற்பது ராண்ட் கூடுதல்:
லோஷினி பள்ளிக்குப் போகும் டாக்ஸி,
இல்லையென்றால் ஃப்ரிட்ஜின் தவணை.

சாகரனுக்குக் கீழ்வரிசையில் ஒன்று
பாதி உடைந்து நிற்கிறது.
காவடியன்று கன்னத்தில் வேல் ஏறும்போது
கண் சிமிட்டாத மனிதர்.
நாக்கில் வெள்ளி ஊசியோடு, சுடுகிற தாரில்,
கோயில்வரை வெறுங்காலில் நடந்தவர்.
பல் டாக்டரின் மரத்துப்போகும் ஊசி என்றால் மட்டும்
"அது வேறே" என்கிறார்.
அவ்வளவுதான். அது வேறே.

லோஷினிக்குப் பதினாறு. கம்பி கட்ட வேண்டும்.
படம் எடுத்தால் உதட்டை மூடிக்கொள்கிறாள்.
இதுவரை என்னிடம் கேட்டதில்லை.
எங்கள் வீட்டுக் கணக்கு அவளுக்கும் தெரியும்.

என்னுடையது வலப்பக்கம், மேலே.
மூன்று வருடமாக இடப்பக்கமே மெல்லுகிறேன்.
படிவம் கேட்கிறது:
ஏற்கனவே உள்ள கோளாறுகளைக் குறிப்பிடவும்.
கொடுத்த இடம் ஒன்றரை விரற்கடை.
குறிப்பிட்டால் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.
மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பதை
இத்தனை மரியாதையாக எழுதலாம் என்று
இன்றுதான் தெரிந்தது.

இலவச எண்ணுக்கு அழைத்தேன்.
இந்த உரையாடல் பதிவு செய்யப்படும் என்றது இயந்திரம்.
பிறகு இருபது நிமிடம் பியானோ.
பிறகு நோக்வாண்டா என்ற பெண்.
பின்பற்கள் என்ன பாவம் செய்தன என்று கேட்டேன்.
"மேடம், இருப்பதைத்தான் நான் வாசிக்க முடியும்"
என்று அதே வரியை வாசித்தாள்,
என்னைவிட அழகாக.

நீ எந்தத் திட்டத்தில் இருக்கிறாய், மகளே?

பியானோ வாசித்த இடத்தில்
இப்போது மூச்சு மட்டும்.
"நீலம்," என்றாள், குரலைத் தாழ்த்தி.

எந்தப் பக்கம் மெல்லுகிறாய்?

"இடது."

சிரித்துவிட்டோம். அவள் முதலில்.
நான் மேசையைப் பிடித்துக்கொண்டு,
வலிக்கிற பக்கமும் திறக்கும்படி.
அதுவும் பதிவாகியிருக்கும்.
என்றாவது யாராவது போட்டுக் கேட்டால்
எந்தப் பல்லால் சிரித்தோம் என்று
கண்டுபிடிக்கட்டும்.

விளக்கு வந்தது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு உறுமத் தொடங்கியது,
தவணை பாக்கி இருப்பது தெரியாமல்.

வெள்ளி ப்ளஸ்ஸில் குறி போட்டேன்.
எதை நிறுத்தப்போகிறேன் என்பது
இன்னும் முடிவாகவில்லை.
அந்த ஒன்றரை விரற்கடையில்
மூவர் கோளாறையும் பொடி எழுத்தில் எழுதினேன்.
உடைந்த பல்லுக்குப் பக்கத்தில்
"பயம்" என்று எழுதி அடித்தேன்.

சாகரனுக்கு இன்னும் சொல்லவில்லை.